மனோராவைக் கட்டிய மன்னர்

குழந்தைகளே! திருவாமாத்தூர், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால், பழைய காலத்துக் கட்டடம் என்றதும் செஞ்சிக் கோட்டையைத்தான் சொல்வார்கள். அந்தச் செஞ்சியை 1677-ம் ஆண்டு பிடித்தவர் மராட்டிய வீரர் சிவாஜி. அவருடைய தம்பி முறையான ஏகோஜியின் வழிவந்தவர்கள் தஞ்சாவூரை ஆண்டார்கள். அந்தப் பரம்பரையில் வந்த ஓர் அரசர், ஒரு விசித்திரமான கோபுரத்தைக் கடற்கரையில் கட்டினார். அதன் பெயர் மனோரா.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடலை நோக்கிப் போனால், மல்லிப்பட்டினத்துக்கு அருகில் சரபேந்திரராஜன்பட்டினம் வரும். அங்கே ஆறு பக்கங்களும் எட்டு அடுக்குகளும் கொண்டு, சுமார் 75 அடி உயரத்தில் மனோரா நிற்கிறது. சுற்றிலும் மதிலும் அகழியும் உண்டு. மினார் என்ற சொல்தான் மக்கள் வாயில் மனோரா ஆனது.

இதைக் கட்டியவர் இரண்டாம் சரபோஜி மன்னர். எதற்காகக் கட்டினார் தெரியுமா? பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியன் 1814-ம் ஆண்டு தோற்றுப் பதவி இழந்தான். ஆங்கிலேயர்களுக்குக் கிடைத்த அந்த வெற்றியைக் கொண்டாடத்தான்! தஞ்சைக்கும் நெப்போலியனுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை சரபோஜியின் வாழ்க்கையில் இருக்கிறது.

இருட்டில் கழிந்த இளமை

சரபோஜி 1777-ம் ஆண்டு பிறந்தார். பிள்ளையில்லாத தஞ்சை மன்னர் துளஜா, 1787-ம் ஆண்டு அவரைத் தத்து எடுத்தார். அப்போது சரபோஜிக்கு ஒன்பது வயது. அதே ஆண்டில் துளஜா காலமானார். சிற்றப்பா முறையான அமர்சிங் அரியணை ஏறினார். சிறுவன் சரபோஜியை அரண்மனைக்குள்ளேயே அடைத்து வைத்தார். படிக்கக்கூட வழியில்லை.

அவருக்காகப் பேசியவர் ஜெர்மனியிலிருந்து வந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியார். அவருடைய முயற்சியால் 1793-ம் ஆண்டு சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆர்வத்தோடு படித்தார். தமிழ், தெலுங்கு, மராத்தி, சமஸ்கிருதம், ஆங்கிலம் எனப் பல மொழிகள் அவருக்கு வசமாயின.

நாடு போனது

1798-ம் ஆண்டு ஆங்கிலேயக் கம்பெனி அமர்சிங்கை நீக்கிவிட்டு, இருபது வயது சரபோஜியை மன்னராக்கியது. ஆனால் அந்த உதவி சும்மா கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1799-ல், ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தஞ்சை நாட்டின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போனது. கோட்டையும் ஆண்டுதோறும் ஒரு தொகையும் மட்டுமே மன்னருக்கு மிஞ்சின. கிரீடம் இருந்தது, நாடு இல்லை. கம்பெனியின் நிழலில் வாழ்ந்த மன்னர், கம்பெனியின் வெற்றிக்குக் கோபுரம் எழுப்பியதில் வியப்பில்லை அல்லவா?

அறிவுச் செல்வம்

வேறொருவராக இருந்தால் வேட்டையிலும் விருந்திலும் காலத்தைக் கழித்திருப்பார். சரபோஜி அப்படிச் செய்யவில்லை. படிப்புக்கு வழியின்றித் தவித்த சிறுவனல்லவா அவர்! நாயக்கர் காலத்திலிருந்து அரண்மனையில் இருந்து வந்த சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தார். ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கான புத்தகங்களை வரவழைத்தார். அவற்றில் தம் கையெழுத்தையும் போட்டு வைத்தார். 1820-ம் ஆண்டு பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை புறப்பட்டபோதும் சுவடிகளைச் சேகரித்து வந்தார்.

அரண்மனையில் அச்சகம் வைத்தார். ஈசாப் கதைகள் மராத்தியில் அங்கே அச்சாயின. தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தில் நம் நாட்டு மருத்துவமும் மேல்நாட்டு மருத்துவமும் சேர்ந்தே ஆராயப்பட்டன. கண் நோயாளிகளின் விவரங்களை எழுதி, அவர்களுடைய கண்களைப் படமாகவும் வரைந்து வைத்தார்கள். ஒரத்தநாட்டில் அவர் அமைத்த முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்குச் சோறு கிடைத்தது; பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் கிடைத்தது.

தம்மைக் காத்த ஸ்வார்ட்ஸையும் அவர் மறக்கவில்லை. லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனிடம் சொல்லிப் பளிங்கில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்தார். தஞ்சைக் கோட்டையில் உள்ள தேவாலயத்தில் அதை இன்றும் காணலாம்.

சரபோஜி 1832-ம் ஆண்டு மறைந்தார். அவருடைய மகன் இரண்டாம் சிவாஜி, ஆண் வாரிசு இல்லாமல் 1855-ல் காலமானதும், அந்தக் கோட்டையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அவர் யாருடைய வெற்றிக்குக் கோபுரம் கட்டினாரோ, அவர்கள் மிச்சம் மீதியைக்கூட விட்டு வைக்கவில்லை!

ஆனால் நூலகம் பிழைத்தது. 1918-ம் ஆண்டு அது பொதுமக்களுக்கு உரியதாயிற்று. இன்று அங்கே 40,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. உலகெங்கிலுமிருந்து அறிஞர்கள் தேடி வருகிறார்கள்.

விடுமுறையில் தஞ்சை போனால் மனோராவைப் பாருங்கள். கடல் காற்றும் வாங்கலாம். அதற்கு முன்பு சரசுவதி மகாலையும் பார்த்துவிடுங்கள். மனோரா பிறர் பெற்ற வெற்றியின் சின்னம். சரபோஜி தாமே பெற்ற வெற்றி அந்த நூலகத்தில்தான் இருக்கிறது.