எங்கே அடைப்பு?

மல்லேசுவரத்தில் என் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறேன். சென்ற மாதம் ஒரு நாள், அங்குள்ள பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் அடியில் அழுக்கு நீர் தேங்கி நின்றது. அள்ளி ஊற்றினாலும் மீண்டும் தேங்கியது. இயந்திரம் கெட்டுவிட்டது, விற்றுவிடலாம் என்றேன் நான்.

வந்த பிளம்பரோ இயந்திரத்தைத் தொடவே இல்லை. சிங்க்கின் கீழுள்ள வளைகுழாயைக் கழற்றினார். அதில் எண்ணெய்ப் பிசுக்குக் கட்டியாய் உறைந்திருந்தது. போக வழியில்லாத நீர், தரையில் தாழ்ந்து கிடந்த கழிவுக்குழாய் வழியே இயந்திரத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. அவர் பிசுக்கை அகற்றினார். இயந்திரத்தின் கழிவுக்குழாயைச் சிங்க்கின் அடிவரை உயர்த்தி வளைத்துக் கட்டினார். தொல்லை தீர்ந்தது. இரவுதோறும் மீந்த குழம்பைச் சிங்க்கில் கொட்டியவன் நானே! குற்றம் என்னுடையது, பழி இயந்திரத்துக்கு!

அன்றிரவு ஒரு பெரியவரை நினைத்துக்கொண்டேன். சென்ட்ரல் கல்லூரி அருகிலுள்ள மெட்ரோ நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே இறங்கும் நம்மில் எத்தனை பேர் அவரை எண்ணுகிறோம்? அவர்தாம் சர் மோ. விசுவேசுவரய்யா.

முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பெற்ற பணத்தைக் கொண்டு சென்ட்ரல் கல்லூரியில் பயின்றார். பின்னர்ப் புனாவில் பொறியியல் கற்று, 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார்.

சிந்து நதிக்கரையிலுள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர் வேண்டியிருந்தது. ஆற்று நீரோ கலங்கல். அவர் ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டினார், மணலே வடிகட்டியாயிற்று. 1903-இல் புனாவை அடுத்த கடக்வாசலாவில் தாமே இயங்கும் மதகுக் கதவுகளை அமைத்தார். நீர் அளவு மீறினால் அவை தாமே திறக்கும். குறைந்தால் தாமே மூடும். 1906-இல் ஏடனுக்குச் சென்று, குடிநீருக்கும் கழிவுநீருக்கும் வழி வகுத்தார்.

1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி ஐதராபாத்தை அழித்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிஜாம் அரசு இவரை அழைத்தது. இடிந்து கிடந்தது நகரம். இவர் பார்வை சென்றதோ ஆற்றின் மேற்புறம். அங்கே ஏரிகள் பல உடைந்திருந்தன. வெள்ளத்தை அங்கேயே தடுக்க நீர்த்தேக்கங்கள் கட்டவேண்டும் என்றார். உஸ்மான் சாகரும் இமாயத் சாகரும் அவ்வாறு எழுந்தவை. நகருக்குக் கழிவுநீர்த் திட்டமும் தந்தார்.

1909-இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர். 1912 முதல் 1918 வரை திவான். காவிரியில் கிருஷ்ணராஜ சாகர் அணை உருவாக உழைத்தார். 1917-இல் நம் நகரில் பொறியியல் கல்லூரி தொடங்கச் செய்தார். 1955-இல் பாரத ரத்னா பெற்றார். நூறாண்டு வாழ்ந்து, 1962 ஏப்ரல் 14-இல் இந்நகரிலேயே மறைந்தார்.

நண்பர்களே! இன்று பெங்களூரில் பெருமழை பெய்தால் தெருவில் வெள்ளம் நிற்கிறது. மழையைத் திட்டுகிறோம். மழைநீர் செல்லும் ராஜகால்வாயில் குப்பையைக் கொட்டியவர் யார் என்று கேட்பதில்லை. நீர் நிற்கும் இடத்தில் நோய் இருப்பதில்லை. அது நின்றதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடிச் சென்றவர் விசுவேசுவரய்யா.

நான் இப்போது குழம்பைச் சிங்க்கில் கொட்டுவதில்லை. அத்தைக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.