பினாங்கு ஈன்ற மருத்துவ மேதை

பினாங்குத் தீவில் வாழும் நம்மில் சூலியா வீதியை அறியாதவர் இலர். தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரைச் சூலியர் என்று அழைத்த காலத்தில் ஏற்பட்ட பெயர் அது. அந்த வீதியிலே 1904ஆம் ஆண்டில் ஒரு சீன இளைஞர் மருத்துவம் பார்த்து வந்தார். அவர்தாம் டாக்டர் வூ லியன் தே. நம் மாணவச் செல்வங்களும், இவ்விதழை வீட்டில் வாசிக்கும் பெற்றோர்களும் அவருடைய வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பது நம் அவா.

அவர் 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தையார் சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் பயின்ற மகனோ, 1896இல் ராணியார் பெயரால் வழங்கப்பெற்ற உபகாரச் சம்பளத்தை வென்று, பதினேழாம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று, லண்டனில் பயிற்சி பெற்று, ஜெர்மனியிலும் பாரிஸிலும் ஆராய்ச்சி செய்து, 1903இல் தாயகம் திரும்பினார்.

இத்துணைப் படிப்புக்கும் இங்கே கிடைத்த வரவேற்பு என்ன? அரசாங்க மருத்துவத் துறையின் உயர் பதவிகள் அக்காலத்தில் வெள்ளையருக்கே உரியவை. உடன் பயின்ற ஆங்கிலேயருக்குத் திறந்த கதவு, அவரினும் நன்கு தேறிய வூவுக்குத் திறக்கவில்லை. கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்தார். (அந்நோய் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை வாட்டியது, புழுங்கலரிசி உண்ட நம்மவரைப் பெரும்பாலும் அண்டவில்லை. நம் பாட்டிமார் பொங்கிய சோற்றின் பெருமை அது!) பின்னர்ப் பினாங்கு திரும்பி, தனியே தொழில் நடத்தியவாறு அபினியை எதிர்த்துப் பாடுபட்டார். 1908இல் சீன அரசாங்கம் அழைக்கவே, அங்குச் சென்று டியன்ஜின் நகர இராணுவ மருத்துவக் கல்லூரியில் பொறுப்பேற்றார்.

அந்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் நம் மக்களை ஆயிரக்கணக்கில் பலி கொண்டு வந்தது. நல்ல மருத்துவர் ஒவ்வொருவரும் பொன்னுக்கு நிகரானவர். அப்படியிருந்தும், தோலின் நிறம் பார்த்த அரசாங்கம் தன் பணத்தில் படிக்கவைத்த மருத்துவரையே இழந்தது.

இனி, அவர் வாழ்வின் பெருஞ்சோதனைக்கு வருவோம். 1910ஆம் ஆண்டின் இறுதியில், சீனாவின் வடகோடியிலுள்ள மஞ்சூரியாவில் ஒரு கொடிய கொள்ளைநோய் பரவிற்று. ஹார்பின் நகரில் இருமி இரத்தம் கக்கியவர்கள் ஓரிரு நாளில் மாண்டனர். டிசம்பர் 24ஆம் நாள் வூ அங்குப் போய்ச் சேர்ந்தார். வயது முப்பத்தொன்று. கடுங்குளிர், பனிக்கட்டியாய் உறைந்த நிலம், புதைக்க வழியின்றிக் குவிந்து கிடந்த சவப்பெட்டிகள். மூன்றாம் நாளே, இறந்த ஜப்பானியப் பெண்ணொருத்தியின் உடலை அறுத்துச் சோதித்துப் பிளேக் கிருமியைக் கண்டார். இந்தப் பிளேக் எலியாலும் தெள்ளுப்பூச்சியாலும் பரவுவதன்று. நோயாளி இருமும் மூச்சுக் காற்றிலேயே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தாவுவது என்று முடிவு செய்தார். சல்லாத் துணிக்குள் பஞ்சை வைத்து மடித்து, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டும் முகக்கவசம் ஒன்றைச் செய்து, அனைவரும் அணியும்படி கூறினார்.

கேட்டவர் சிலரே. அப்போது அங்கு வந்தார் பிரெஞ்சு மருத்துவர் மெனி. அவரை மூடர் என்று நாம் எண்ணலாகாது. டியன்ஜின் நகரில் மூத்த பேராசிரியர், முன்பே வேறோரிடத்தில் பிளேக்கை எதிர்த்துப் போராடி அனுபவம் பெற்றவர், அஞ்சா நெஞ்சர். பம்பாய் முதலிய ஊர்களில் பிளேக்கை எலிகளே பரப்பின என்பதை அவர் அறிவார். ஆகவே வூவின் முடிவை ஐயுற்றதில் வியப்பில்லை. ஆனால் ஐயத்தோடு வேறொன்றும் கலந்திருந்தது. தம்மினும் இளையவனான ஒரு சீனன் தமக்குப் பாடம் சொல்வதா என்னும் எண்ணமே அது. வூவின் பதவியைத் தமக்குத் தரவேண்டும் என்று கேட்டார், கிடைக்கவில்லை. 1911 ஜனவரித் தொடக்கத்தில் வூவை நேரில் சந்தித்தபோது, அவர் அமைதியாகக் கூறிய விளக்கத்தைக் கேட்டுச் சினந்து, அவருடைய இனத்தைச் சுட்டி இழிவாகப் பேசினார். வூ ஒன்றும் சொல்லாமல் வெளியேறி, பதவி விலகுவதாகத் தலைநகருக்குத் தந்தியடித்தார். அரசாங்கம் அதனை ஏற்காது, மெனியையே திரும்பி வரச் சொல்லிற்று.

அதற்குள் மெனி ரஷ்யர்களின் பிளேக் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டார். முகத்தை மூடாமல், நோயாளிகள் மீது குனிந்து பரிசோதித்தார். சில நாட்களில் அவருக்கும் இருமல் கண்டது. ஜனவரி 11ஆம் நாள் உயிர் நீத்தார். எலியைப் பற்றிய கருத்து தவறென்று பின்னொரு நாள் உணர்ந்து திருத்திக்கொள்ள அவருக்கு வாய்ப்பிருந்தது. சொன்னவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லைத் தள்ளியதே அவ்வாய்ப்பைப் பறித்தது. நோயாளிகளுக்கு உதவ எத்தனையோ காததூரம் வந்த ஒரு நல்ல மருத்துவர் இவ்வாறு அழிந்ததை எண்ணும்போது நமக்கு இரக்கமே உண்டாகிறது.

மெனியின் மரணம் ஹார்பினைத் திடுக்கிடச் செய்தது. நேற்றுவரை வூவைப் புறக்கணித்தவர்களும் முகக்கவசத்தைத் தேடி ஓடினர். மருத்துவரும் தாதியரும் மட்டுமின்றித் தெருவில் செல்வோரும் அணிந்தனர். இறந்தோரை எரிக்கும் வழக்கமில்லாத அந்நாட்டில், வூ மன்னரின் அனுமதியை வேண்டிப் பெற்று, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை ஜனவரி 31ஆம் நாள் எரியூட்டச் செய்தார். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் குடித்த அந்நோய், ஹார்பினில் மார்ச் முதல் நாளோடு அடங்கிற்று. ஏப்ரலில் முக்டென் நகரில் பதினொரு நாட்டு அறிஞர்கள் கூடிய பிளேக் மாநாட்டுக்கு வூவே தலைமை தாங்கினார். ஐரோப்பியப் பேராசிரியர்களும் அவர் முன் அமர்ந்து செவிமடுத்தனர். 1935இல் அவர் பெயர் நோபல் பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

1937இல் சீனாவில் போர் மூளவே, வூ மலாயாவுக்குத் திரும்பினார். புகழின் உச்சியைக் கண்ட அவர், ஈப்போவில் ஒரு சாதாரண மருத்துவராக அமர்ந்து பல்லாண்டு தொழில் நடத்தினார். தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதி 1959இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், தாம் பிறந்த பினாங்கிலேயே எண்பதாம் வயதில் காலமானார்.

2020இல் கோவிட் நோய் பரவியபோது, நம் பிள்ளைகளும் தோட்டத்துப் பெரியவர்களும் முகக்கவசம் அணிந்து நடமாடியதை நாம் மறக்கவில்லை. பினாங்கு ஃபிரீ ஸ்கூலுக்கு அருகே தாமான் வூ லியன் தே என்று ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. அப்பக்கம் செல்லும் பெற்றோர், பலகையில் உள்ள பெயரைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.