ஓய்மான் நல்லியக்கோடன்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கியதும் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் காண்பர். வெயில் ஏற ஏறப் பாத்தியிலுள்ள நீர் வற்றும். வெள்ளிய உப்புப் பூக்கும். வாரிய உப்பு வரப்பின்மேல் குவியல் குவியலாக ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் அளங்கள் நீரில் மூழ்கும், தொழில் நின்றுவிடும். அப்பொழுது உப்பளத் தொழிலாளர் பலர் வேறு வேலை தேடுவர். ஊரிலேயே இருப்பதா, வெளியூர் போவதா என்பது இக்கரையில் வாழ்வோர்க்கு ஆண்டுதோறும் எழும் வினா.

இவ்வினா உழைப்பாளிக்கு மட்டும் உரியதன்று. கலைத்திறமும் ஆட்டத்திறமும் உடையார்க்கும் உரியது. அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கால்பந்தில் வல்ல பள்ளி மாணவரைத் தேடி ஆள் அனுப்புகின்றன; உதவித்தொகை தந்து அழைக்கின்றன. பிறந்த மாநிலத்துக் கல்லூரியில் சேர்வதா, தொலை மாநிலத்துக்குச் செல்வதா என்று மாணவனும் அவன் பெற்றோரும் பல இரவுகள் எண்ணிப் பார்ப்பர். நம் நாட்டிலும் 1949 முதல் 1953 வரை கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் தென்னாட்டார் ஐவர் முன்னணியில் நின்று ஆடினர். வங்க மக்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்று போற்றினர். வல்லார் ஒருவர் தம் நாட்டை விட்டு ஏன் செல்கிறார்? எவரை நாடிச் செல்கிறார்? இதற்கு விடை கூறுவதுபோல் அமைந்தது, பண்டைக் காலத்தில் இந்த உப்பங்கரையை ஆண்ட சிற்றரசன் ஒருவனுடைய வரலாறு. அவன் பெயர் நல்லியக்கோடன்.

இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த நிலப்பகுதி சங்க காலத்தில் ஓய்மாநாடு எனப் பெயர் பெற்றிருந்தது. அந்நாட்டின் கடற்றுறை எயிற்பட்டினம். எயில் என்பது மதில். மதில் சூழ்ந்த பட்டினம் ஆதலின் அப்பெயர் வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற கடற்பயண நூலொன்று சோழ மண்டலக் கரையின் துறைமுகங்களுள் சோபட்மா என ஒன்றைக் குறிக்கின்றது. சோ என்னும் சொல்லும் தமிழில் மதிலையே உணர்த்தும். எயிற்பட்டினமும் சோபட்மாவும் இக்காலத்து மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. சோழர் காலக் கல்வெட்டுகளும் இவ்வூரின் உப்பளங்களைப் பற்றிப் பேசுகின்றன. கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக உள்ளது.

நல்லியக்கோடன் ஓவியர் குடியில் தோன்றியவன். மாவிலங்கை அவனுடைய நகரம். சேர சோழ பாண்டியருடைய பெருநாடுகளோடு ஒப்பிட்டால் அவனுடைய நாடு ஒரு மூலையளவே ஆகும். அவனுக்குப் பகைவரும் இருந்தனர். பகைவரை எண்ணி அஞ்சிய அவன் முருகனை வழிபட்டான் என்றும், முருகன் கனவில் தோன்றி, வேலூர்க் கேணியில் பூத்த பூவைப் பறித்து எறியுமாறு பணித்தான் என்றும், அப்பூவே வேலாக மாறிப் பகைவரை வென்றது என்றும் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை கூறுவர். கதை எவ்வாறாயினும், படைப்பெருமையால் மட்டும் நிலைத்த அரசன் அல்லன் அவன் என்பது அதனால் விளங்கும். நாட்டாலும் படையாலும் சிறியவனான அவனை நாடிப் பெருநகரங்களைக் கடந்து கலைஞர்கள் வந்தனர். அதுவே வியப்பு.

வந்தவர்களுள் ஒருவன் சிறிய யாழை ஏந்திப் பாடும் பாணன். அவனுடைய வீட்டின் நிலையைக் கேளுங்கள். கூரையின் கழிகள் கட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தன. பழஞ்சுவரைக் கறையான் அரித்தது. அதன்மேல் காளான் பூத்தது. அடுப்படியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற மடியைப் பற்றி இழுக்க, நோவு பொறாமல் தாய் நாய் குரைத்தது. பசியால் மெலிந்த இல்லாள் குப்பைமேட்டில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வந்தாள். அதை வேகவைத்தாள்; போடுவதற்கு உப்பு இல்லை. குடும்பத்தார் பலரும் கூடியிருந்து அதை உண்ணும்போது அவள் கதவை அடைத்தாள். வறுமை எவர்க்கும் வரக்கூடியதே என்பதை உணராமல் புறங்கூறுவார் கண்ணில் அக்காட்சி படக்கூடாது என்று நாணினாள். பசி ஒரு துன்பம். அதை அயலார் காண்பது அதனினும் பெருந்துன்பம். வீட்டை விட்டுச் செல்லும் கலைஞனைப் பிறர் ஊர்ப்பற்று இல்லாதவன் என்று எளிதில் பழித்துவிடுகின்றனர். அடைத்த கதவின் உட்புறம் நடந்ததை அவர்கள் அறியார்.

எங்கே செல்வது? வழிகள் பல இருந்தன. சேரனுடைய வஞ்சி இருந்தது. முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கையையும், தமிழ் வளர்த்த மதுரையையும் உடைய பாண்டியன் இருந்தான். உப்பு வண்டிகளோடு உமணர் கொற்கைப் பக்கம் வருவர். அவர்கள் வளர்க்கும் மந்தி, அவர்களுடைய குழந்தைகளோடு சேர்ந்து, முத்தை உள்ளே இட்ட கிளிஞ்சலைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுமாம். முத்தை விளையாட்டுப் பொருளாக்கிய நாடு அது! சோழனுடைய உறந்தையும் இருந்தது. ஆயினும், நல்லியக்கோடன் தரும் பரிசிலை நோக்க இம்மூன்று தலைநகரங்களும் வறியனவே என்பது பாணன் கண்ட முடிவு. பரிசில் பெற்ற நாவு மிகைபடப் பேசும் என்று இதனை ஒதுக்கலாம். ஓரளவு அதுவும் உண்மையே. எனினும் பெரிய அரண்மனையில் பாடுவோர் பலர். வாயிலில் காத்திருப்போர் அவரினும் பலர். பசித்த குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவனுக்குக் காத்திருக்க நாள் ஏது?

பாரி, பேகன், காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என்னும் வள்ளல் எழுவரும் அப்பொழுது மறைந்துவிட்டனர். எழுவர் சேர்ந்து இழுத்த கொடை என்னும் பாரத்தை நல்லியக்கோடன் ஒருவனே இழுத்து வந்தான் என்பர்.

அவனுடைய ஊருக்குச் செல்லும் வழி கடற்கரையில் தொடங்கியது. எயிற்பட்டினத்தில் தாழம்பூ அன்னம் போல் வெளுத்து நின்றது; செருந்தி பொன்னிறமாகப் பூத்தது; புன்னையின் அரும்புகள் முத்தை ஒத்தன. கழிமுள்ளி நீலமணி போல் மலர்ந்தது. அலைகள் எங்கிருந்தோ மணமுள்ள மரக்கட்டைகளை அடித்துக்கொண்டு வந்து கரையில் ஒதுக்கின. அவை படுத்து உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்தன. நெய்தல் நிலத்துப் பெண்கள் அவற்றை விறகாக எரித்தனர். வந்தவர்க்குத் தேறலும் சுட்ட குழல்மீனும் தந்தனர். ஒட்டகம் அக்கடற்கரைப் புலவர் அறிந்த விலங்காய் இருந்தது என்பதையும் இதனால் அறிகின்றோம்.

அங்கிருந்து உள்நாட்டை நோக்கிச் சென்றால் வேலூர் வரும். மரக்காணத்தை அடுத்துள்ள உப்புவேலூரே அது என்பர். அங்கே எயினர் குலப் பெண்கள் புளியிட்டு ஆக்கிய சூடான சோற்றை, ஆமானின் இறைச்சியோடு படைத்தனர். அடுத்தது ஆமூர். வயல்வளம் மிக்க அவ்வூரில் உழவர் மகளிர் குற்றிய வெண்ணெல் அரிசிச் சோற்றையும் நண்டுக் கறியையும் இட்டனர். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இவ்வளவு சிறிய தொலைவில் நெய்தல், முல்லை, மருதம் ஆகிய மூன்று நிலத்து உணவும் பாணனுக்குக் கிடைத்தன. எவரும் அவனை யார் என்று கேட்டு நிறுத்தவில்லை. அரசன் அளிக்கும் கொடை அரண்மனையில் தொடங்கவில்லை. நாட்டின் எல்லையிலேயே, மீன் சுடும் அடுப்பருகிலேயே தொடங்கிவிட்டது. குடிமக்கள் வரவேற்காத நாட்டில் அரசன் மட்டும் கொடுத்து என்ன பயன்? புதிய ஊருக்குச் சென்ற எவனும் முதலில் எண்ணுவது முதல்நாள் உணவு தந்த கையைத்தான்.

நல்லியக்கோடனுடைய வாயில் கூத்தர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்பட்டதில்லை. பாணன் தன் வீட்டில் கதவை அடைத்து உண்ட காட்சியை இங்கே நினைத்துப் பாருங்கள். உள்ளே சென்ற பாணன் யாழை மீட்டினான்; முறை அறிந்து பாடினான். நல்லியக்கோடன் அவனுடைய கந்தலைக் களைந்து, மூங்கிலின் உட்புறத் தோலைப் போன்ற மெல்லிய ஆடையை உடுத்தச் செய்தான். வீமன் இயற்றிய மடைநூல் முறை வழுவாமல் சமைத்த உணவைப் பொற்கலத்தில் இடச் செய்தான். ஏவலரிடம் விட்டுவிட்டு அரியணைக்குத் திரும்பவில்லை. அருகில் நின்று, விரும்பியதைக் கேட்டறிந்து, தானே உண்பித்தான். பகைவரை வென்று பெற்ற பொருளைப் பரிசிலாக வழங்கினான். கைதேர்ந்த தச்சர் செய்த தேரையும், குதிரையின் ஓட்டத்தையும் பின்னிடச் செய்யும் காளையையும், அதனை ஓட்டப் பாகனையும் தந்தான்.

இவற்றினும் சிறந்த செயல் ஒன்று உண்டு. பரிசிலைக் கொடுத்த அன்றைக்கே பாணனுக்கு விடையும் கொடுத்தான். நல்ல பாடகன் ஒருவன் கிடைத்தால், தன் அவையிலேயே இருத்திக்கொள்ள எந்த அரசனும் விரும்புவான். பரிசிலை இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்று நீட்டித்தாலே போதும். ஏழைக் கலைஞன் நகரமாட்டான். நல்லியக்கோடன் அதைச் செய்யவில்லை. பாணன் வந்தது தன் புகழை ஆண்டு முழுதும் பாட அன்று. ஊரில் உப்பில்லாக் கீரையை உண்டவர்களுக்குச் சோறு கொண்டுபோக. இதனை அரசன் அறிந்திருந்தான். அதனால்தான் தேரும் காளையும் பாகனும் சேர்த்துத் தந்தான். திரும்பிச் செல்லும் வழியையும் பரிசிலில் அடக்கிய வள்ளல் அவன். தம்மைத் தேடி வந்த திறமையைக் கட்டிவைப்பதே அதைப் போற்றுவதாகும் என்று நினைப்பார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர்.

இவ்வளவும் தொலைவிலிருந்து வந்தவன் பெற்றவை. அருகில் இருந்தோர் செய்தி வேறு. புறத்திணை நன்னாகனார் என்னும் புலவர் நல்லியக்கோடனைப் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 176ஆவது பாட்டாக உள்ளது. ஓய்மாநாட்டுச் சிறுமியர் சேற்றைத் துழாவி ஆமை முட்டையும் ஆம்பல் கிழங்கும் எடுக்கும் காட்சியோடு அது தொடங்கும். பாரியின் பறம்பு மலையில் குளிர்ந்த தெளிந்த சுனைநீர் உண்டு. ஆனால் அது தம் ஊரிலேயே இருப்பதால் அதன் அருமையை எண்ணாது இருந்துவிடுவோர் உண்டு. அவர்களைப் போலத் தாமும் இவ்வரசனைக் காணாமல் பல நாளைக் கழித்துவிட்டதாகப் புலவர் வருந்துகிறார். நல்லியக்கோடனுடைய மென்மையான இயல்பைக் காணுந்தோறும், கழிந்துபோன நாள்களை நினைந்தும், இனிக் காணாமற் கழியக்கூடிய நாள்களை எண்ணியும் அவர் நெஞ்சம் இரங்கியது. வெளியே செல்வோர் இழப்பது ஒன்று. அருகில் இருந்தும் அறியாதார் இழப்பது வேறொன்று. நன்னாகனார் இரண்டாம் இழப்பை நன்கு அறிந்தவர்.

பாணன் சென்ற வழியையும் பெற்ற பரிசிலையும் நாம் அறியச் செய்தவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். மரக்காணத்துக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடையே நீண்டு கிடக்கும் இடைக்கழிநாடு இன்றும் அப்பெயரோடே விளங்குகின்றது. எனவே எயிற்பட்டினத்துத் தாழையும் புன்னையும் அவர் கண்ணாரக் கண்டவை. அவர் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது, பத்துப்பாட்டுள் மூன்றாவது. ஏட்டில் கிடந்த பத்துப்பாட்டை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889இல் அச்சேற்றினார்.

நல்லியக்கோடன் எந்த ஊருக்கும் தூது விட்டுக் கலைஞரை அழைத்ததாக அப்பாட்டில் இல்லை. அவனுக்காக அழைத்தவன் பரிசில் பெற்று மீண்ட பாணனே. தேரேறி வீடு நோக்கிச் செல்லும் வழியில் அவன் வேறொரு பாணனைக் கண்டான். வெயிலால் வாடிய விறலியரும் பசித்த சுற்றமும் உடன்வர, அவன் மர நிழலில் தங்கியிருந்தான். கையில் அதே சிறிய யாழ். கண்ணில் அதே பசி. மீண்டு வந்தவன் தன் வீட்டின் பழைய நிலையை அவனிடம் மறைக்கவில்லை. பாலற்ற நாயையும், குப்பைக் கீரையையும், அடைத்த கதவையும் கூறினான். பிறகு எயிற்பட்டினத்துக்குச் செல்லும் வழியைச் சொல்லத் தொடங்கினான்.