குழந்தைகளின் தப்பான விடையைக் காது கொடுத்துக் கேட்டவர்... யார் இந்த பியாஜே?

உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ நாலு, அஞ்சு வயசு வாண்டு யாராவது இருக்காங்களா? ஆறு ஒரு ரூபாய் காசை வரிசையா வைங்க. ஒவ்வொரு காசுக்கும் நேர் கீழே இன்னொரு காசு வெச்சு ரெண்டாவது வரிசையும் போடுங்க. ரெண்டும் சமமான்னு கேட்டா, சமம்னு சொல்லும். இப்போ குழந்தை பார்த்துட்டு இருக்கும்போதே கீழ் வரிசைக் காசுகளைத் தள்ளித் தள்ளி வெச்சு, எதுல காசு அதிகம்னு திரும்பக் கேளுங்க. பெரும்பாலும் நீளமான வரிசையைத்தான் காட்டும். ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் தப்பில்லாம எண்ணத் தெரிஞ்ச குழந்தையும்கூட!

நாம சிரிச்சுட்டு நகர்ந்துடுவோம். ஸ்கூல்னா சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி விழும். ஆனா, சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தர் அந்தத் தப்பான விடைக்கு முன்னாடி கிட்டத்தட்ட 60 வருஷம் உட்கார்ந்திருந்தார். அவர் பேர் ழான் பியாஜே. டெட் எக்ஸாமுக்குப் படிச்சவங்களுக்கு இந்தப் பேரைக் கேட்டதும் நாலு வளர்ச்சி நிலைகளும் மனப்பாடமா வந்து விழும். அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் மறந்துட்டு இந்த மனுஷனோட கதையைக் கேளுங்க.

நத்தையில் தொடங்கிய பயணம்

1896-ல் நூஷாடெல் நகரத்தில் பிறந்தவர். அப்பா இடைக்கால இலக்கியப் பேராசிரியர். பையனுக்கோ குருவி, நத்தை, சிப்பின்னு வேற உலகம். வெள்ளைச் சிட்டுக்குருவி ஒன்றைப் பார்த்து அவர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு 1907-ல் இயற்கை ஆர்வலர்களின் பத்திரிகையில் வந்தது. டீன் ஏஜ்லயே நத்தைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ஜெனீவா மியூசியம் தன்னோட நத்தைச் சேகரிப்பைப் பார்த்துக்கச் சொல்லி வேலை கொடுக்க முன்வந்தப்போ, ஸ்கூலை முடிக்கணும்னு மறுத்துட்டாராம்! 1918-ல் வாங்கிய டாக்டர் பட்டமும் நத்தை ஆராய்ச்சிக்குத்தான்.

நத்தைக்கு யாரும் மார்க் போட மாட்டாங்க. அது எப்படி வாழுதோ அப்படியே கவனிப்பாங்க. குழந்தைங்ககிட்டயும் அவர் இதே கண்ணோடதான் போனார்னு எனக்குத் தோணுது.

1919-ல் பாரிஸ். நுண்ணறிவுச் சோதனைகளை உருவாக்கிய ஆல்ஃபிரெட் பினே அப்போ உயிரோட இல்லை. அவரோட சகா தியோடர் சிமோன், பியாஜேவுக்கு ஒரு போரடிக்கிற வேலை கொடுத்தார். இங்கிலாந்துல சிரில் பர்ட் தயாரிச்ச ஒரு டெஸ்ட்டை பாரிஸ் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு வெச்சு, எந்த வயசுல எத்தனை பேர் சரியா சொல்றாங்கன்னு கணக்கெடுக்கணும். அவ்வளவுதான்.

அந்த டெஸ்ட்ல ஒரு கேள்வியை நீங்களும் போட்டுப் பாருங்க. ஈடித்தோட முடி சூசன் முடியைவிட வெளிர் நிறம். ஈடித்தோட முடி லிலி முடியைவிட அடர் நிறம். மூணு பேர்ல யாருக்கு முடி ரொம்ப அடர்? சூசனுக்கு. ஆனா நிறைய குழந்தைங்க லிலின்னு சொன்னாங்க. வேற யாரா இருந்தாலும் தப்புன்னு குறிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பாங்க. பியாஜே நின்னுட்டார். எப்படிச் சொல்றேன்னு குழந்தைங்களையே கேட்டார். அவங்க வழி இப்படி இருந்தது: ஈடித்தும் சூசனும் வெளிர்; ஈடித்தும் லிலியும் அடர். ஈடித் ரெண்டு பக்கமும் வர்றதால அவ நடுவுல. அப்போ லிலிதானே ரொம்ப அடர்?

அதாவது, 'விட'ங்கிற சொல்லைக் குழந்தைங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற உறவா எடுத்துக்கலை. ஆளுக்கு ஒரு குணமா எடுத்துக்கிட்டாங்க. அந்த இடத்துல இருந்து பார்த்தா, அவங்க முடிவுல ஓட்டையே கிடையாது. ரெண்டாம் வகுப்புக் கணக்குல 'கண்ணனைவிட மீனாவிடம் 3 மிட்டாய் அதிகம்'னு வந்தா, சில பிள்ளைங்க மீனாகிட்ட 3 மிட்டாய்னு எழுதறது ஏன்னு இப்போ புரியுதா?

மார்க் கணக்கெடுக்கிறதை அவர் ஓரங்கட்டிட்டார். 1921-ல் ஜெனீவாவின் ரூசோ கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். கேள்வித்தாள் கிடையாது. குழந்தை எதிரில் பொருளை வெச்சு, பேச்சுக் கொடுத்து, பதிலைப் பிடிச்சுக்கிட்டே அடுத்த கேள்வி. 1923-ல் வாலன்டைனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். பிறந்த மூணு குழந்தைங்களும் அப்பா, அம்மாவோட குறிப்பேட்டுக்குள்ள வந்துட்டாங்க.

மணியும் கூழாங்கல்லும்

ஆசிரியர்கள் அவசியம் தெரிஞ்சுக்க வேண்டியது 1941-ல் வந்த புத்தகம். குழந்தை மனசுல எண் எப்படி உருவாகுதுங்கிறதுதான் விஷயம். நாம ஆரம்பத்துல வெச்ச காசு விளையாட்டோட மூலமும் இதுதான். கூட எழுதியவர் போலந்தைச் சேர்ந்த அலினா ஷெமின்ஸ்கா. போர்க்காலத்துல ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரோட திரும்பியவர். எல்லாரும் பியாஜே, பியாஜேன்னு சொல்றோம், இவங்க பேரை யார் சொல்றா?

அதுல வர்ற ஒரு சோதனை. பெட்டி நிறைய மர மணிகள். ஏறக்குறைய எல்லாமே பழுப்பு, ரெண்டே ரெண்டு வெள்ளை. எல்லாம் மரம்தான்னு குழந்தைக்கும் தெரியும். மர மணி அதிகமா, பழுப்பு மணி அதிகமான்னு கேட்டா, பழுப்புதான்னு வரும். வெள்ளை ரெண்டுதானே இருக்கு! முழுசையும் அதுல ஒரு பகுதியையும் ஒரே நேரத்துல மனசுல பிடிச்சு வைக்க முடியலை. பழுப்பைப் பிரிச்சதும் 'மொத்தம்' காணாமப் போயிடுது. 8-க்குள்ள 5-ம் 3-ம் இருக்கு, அதனால 8-ல் 5 போனா 3 மிச்சம்ங்கிறதுக்கும் இதே பிடிதான் வேணும்.

பியாஜே அடிக்கடி சொன்ன கதை ஒண்ணு உண்டு. அவரோட கணித மேதை நண்பர் ஒருத்தர் சின்ன வயசுல தோட்டத்துல கூழாங்கல்லை வரிசையா வெச்சு எண்ணினாராம். பத்து. வலப்பக்கத்துல இருந்து எண்ணினார். அதே பத்து. வட்டமா வெச்சார், மறுபடி பத்து! பையனுக்கு ஒரே சந்தோஷம். கல்லோட கனமோ நிறமோ கல்லுலயே இருக்கு. பத்துங்கிறது எந்தக் கல்லுலயும் இல்லை. வரிசையும் கூட்டுத்தொகையும் அவன் கை செஞ்ச வேலையில இருக்கு. அதனாலதான் எண்ணைச் சொல்லிக்கொடுத்துட முடியாது, குழந்தை தானே கட்டிக்கணும்னு பியாஜே பிடிவாதமா இருந்தார். கரும்பலகையில பத்து போட்டு, பத்து தடவை சத்தமா சொல்ல வைக்கிறதுல அவருக்கு நம்பிக்கை இல்லை.

அவரும் கேள்விக்கு அப்பாற்பட்டவர் இல்லை. 1970-களில் எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் அதே வரிசை விளையாட்டைக் கொஞ்சம் மாத்தினாங்க. பெரியவங்க தள்ளி வைக்காம, ஒரு 'சேட்டைக்கார' கரடி பொம்மை வந்து வரிசையைக் கலைச்சிட்ட மாதிரி செஞ்சாங்க. இப்போ நிறைய குழந்தைங்க சமம்னே சொன்னாங்க! யோசிச்சா நியாயம்தான். பெரியவங்க எதையோ நகர்த்திட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டா, முதல்ல சொன்னது தப்புன்னுதானே குழந்தை நினைக்கும்? டீச்சர் ரெண்டாவது தடவை கேட்டதும் சரியான விடையை மாத்திச் சொன்ன அனுபவம் நமக்கே இருக்கே.

இதைவிட எனக்கு உறுத்துறது அவரோட வயசுக் கணக்கை நாம பயன்படுத்துற விதம். ஏழு வயசுன்னு அவர் சொன்னது சுமாரான அடையாளம். அதை வெச்சு இந்தப் பிள்ளைக்கு இன்னும் வயசு வரலைன்னு முத்திரை குத்தி ஓரமா உட்கார வைக்கிறது, கேள்வியே கேட்காம மார்க் போடறதுக்குச் சமம்.

1980 செப்டம்பர் 16-ல் ஜெனீவாவில் பியாஜே இறந்தப்போ வயசு 84. அவர்கிட்ட பயின்ற கான்ஸ்டன்ஸ் கமீ, அவரோட முறையை ஆரம்பப் பள்ளிக் கணக்கு வகுப்புக்குள்ளேயே கொண்டு போனார். கமீ எழுதிய புத்தகங்கள்ல வர்ற ஒரு கேள்வி இது. 16 வில்லைகளை வெச்சு, தாள்ல 16-ன்னு எழுதுவாங்க. 6-ஐத் தொட்டு, இது எத்தனை வில்லைன்னு கேட்டா குழந்தை ஆறைக் காட்டும். 1-ஐத் தொட்டுக் கேட்டா, பல குழந்தைங்க பத்தைக் காட்டாம ஒரே ஒரு வில்லையைக் காட்டுவாங்க. மீதி ஒன்பது நடுவுல அநாதையா கிடக்கும், அது அவங்களை உறுத்தாது. அவங்க கணக்கு நோட்டைத் திறந்து பாருங்க. 16-ஐயும் 17-ஐயும் கூட்டி, மேலே மிச்சம் 1 போட்டு, 33-ன்னு எழுதி, பக்கத்துல டீச்சரோட டிக்கும் இருக்கும்.