தாதியர்க்குக் கல்வி தந்த ஐடா ஸ்கட்டர்

சாலையில் அடிபட்டு விழுந்தவனை எப்படியாவது ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு சேர்த்துவிட்டால் மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றே நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். டாக்டர் வருவதற்கு முன்னும், அவர் வந்து சென்ற பின்னும், இரவெல்லாம் அக்கட்டிலருகே நிற்பவள் தாதி என்பதை நாம் நினைப்பதில்லை. அவள் கற்றவளா, கல்லாதவளா என்பதைப் பொறுத்தே பல உயிர்கள் நிற்கின்றன, போகின்றன. இதை நம் நாட்டில் வெகு முன்னதாகவே உணர்ந்து உழைத்தவர் காலஞ்சென்ற டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார். லாரியும் பஸ்ஸும் ஓயாத திருப்பதிச் சாலையோரம் வசிக்கும் திருநின்றவூர் ஜனங்கள் போன்றோர் அவர் சரித்திரத்தை அறிந்திருப்பது அவசியமென்று கருதுகிறோம்.

1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னாட்டின் முதல் ரயில் பாதை, திருநின்றவூரைக் கடந்து சென்று வாலாஜாவில் முடிந்தது. அதனருகிலுள்ள ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ஐடா பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கட்டர் 1819-இல் அமெரிக்காவினின்று இலங்கைக்கும் பின்னர்ச் சென்னைக்கும் வந்த பாதிரி, வைத்தியர். தந்தையும் அவ்வாறே. ஐடாவுக்கோ இந்நாட்டில் தங்க விருப்பமேயில்லை. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தபின், தாயாரின் தேக அசௌக்கியத்தை முன்னிட்டே 1890-இல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓரிரவில், பிரசவத்தில் துன்புற்ற மனைவியரைக் காக்கும்படி வேண்டி மூவர் ஒருவர்பின் ஒருவராக அவரைத் தேடி வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு ஜாதி இந்து. தமக்கு வைத்தியம் தெரியாது, தந்தையார் வருவார் என்று ஐடா கூறியும், அந்நிய ஆடவர் ஸ்திரீகளைத் தொடுவதற்கு மூவரும் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அச்சேதியே அவரை வைத்தியம் கற்க ஏவியது. 1899-இல் கார்னெல் கலாசாலையில் பட்டம் பெற்றார்.

அவர் ஒரு மிஷன் ஊழியராகவே இங்கு வந்தார், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அம்மூன்று வீடுகளின் கதவை அடைத்தது எந்த அந்நியரும் அல்லர்.

1900-இல் வேலூரில் தந்தையாரின் பங்களாவிலேயே அம்மையார் சிகிச்சையைத் தொடங்கினார். உதவிக்கு நின்றவள் சாலோமி என்ற நம் நாட்டுப் பெண். அவ்வீட்டில் வேலை பார்த்தவர் ஒருவரின் மனைவி. 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. ரண சிகிச்சைக்கு ஒரு டாக்டரின் கை போதாதென்பது அங்கே விளங்கிற்று. கத்தியின் வேலை ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். புண் ஆறும் நாட்களெல்லாம் தாதியின் வேலை. ஆகவே 1909-இல், டீலியா ஹாட்டன் அம்மையாரின் துணையுடன், தாதியர் பயிற்சி ஒழுங்காக ஆரம்பமாயிற்று. ரத்தத்தையும் மலத்தையும் பிற ஜாதியார் உடலையும் தொடும் வேலைக்குப் பெண்ணை அனுப்புவது மானக்கேடென்று நம் குடும்பங்கள் கருதிய காலம் அது. மாணவிகளைத் தேடுவதே பெரும்பாடு.

ஆஸ்பத்திரிக்கு வர இயலாதவரை நாடி அம்மையார் சாலையோரங்களுக்கே சென்றார். முதலில் மாட்டுவண்டி, பின்னர் மோட்டார். மரத்தடியில் புண் கழுவி, மருந்திட்டு, கட்டுக் கட்டினர். நான்கு சுவருக்குள் கற்றது வெட்டவெளியிலும் கைகொடுக்க வேண்டும் என்ற பாடத்துக்கு இதனினும் நல்ல பள்ளி வேறில்லை.

1918-இல் அவர் தொடங்கிய பெண்கள் வைத்தியப் பள்ளியின் புகழ் யாவரும் அறிந்தது. இங்கு விரிக்க வேண்டுவதில்லை. நம் விஷயத்துக்கு முக்கியமானது 1946-ஆம் ஆண்டு. அவ்வாண்டிலே வேலூரில் தாதியர் கல்வி சென்னைச் சர்வகலாசாலையின் பட்டப் படிப்பாக உயர்ந்தது; டில்லியிலும் அதே ஆண்டிற்றான் இத்தகைய படிப்பு தோன்றியது. அம்மையார் பொறுப்பினின்று ஓய்வு பெற்றதும் அவ்வாண்டே.

தாதிக்குப் பட்டம் எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். விபத்தில் அடிபட்ட வாலிபன் ஒருவனுக்கு வயிற்றினுள் ரத்தம் கசிகிறதென்று வைத்துக்கொள்வோம். உடலின் ரத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போகும்வரை அவனது ரத்த அழுத்தம் குறையாமலே இருக்கக்கூடும். நாடியும் மூச்சும் விரைவதும், தோல் குளிர்வதுமே முன்னறிவிப்பு. கல்லாத கண் அவன் சுகமாயிருக்கிறான் என்று நகர்ந்துவிடும். கற்ற கண் டாக்டரை எழுப்பும்.

ஒருமுறை கற்றதும் போதாது. ரத்தம் பீறிடும் கை கால்களை இறுகக் கட்டினால் அவயவமே அழியும் என்று வெகுகாலம் போதித்து வந்தனர். ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களின் அனுபவத்துக்குப் பின், தகுந்த பட்டையால் முறைப்படி கட்டுவது உயிர் காக்கும் எனப் பாடமே மாறிவிட்டது. பழைய பாடத்தோடு நிற்கும் தாதியை நாம் குறை கூறுவது நியாயமன்று. இரவும் பகலும் முறை வைத்து வேலை வாங்குவோர், புதிய பாடம் கேட்க அவளுக்கு நாலு நாள் விடுப்பும், அந்நாட்களில் அவளிடத்தில் நிற்க வேறொருவரும் தருகிறார்களா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

அம்மையார் 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். அவர் பிறந்த ராணிப்பேட்டைப் பகுதியில், பெங்களூர் நெடுஞ்சாலையை அடுத்து, அவர் நிறுவிய ஸ்தாபனத்தின் விபத்துச் சிகிச்சை நிலையம் இன்று இயங்கி வருகிறது.