நைட்டிங்கேல் அம்மையாரும் பள்ளியறைக் காற்றும்

பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையாரைக் கைவிளக்கேந்திய காரிகை என்று சிறு வகுப்பிலேயே கற்றோம். விளக்கினும் மிகுதியாக அவர் சன்னலைப் போற்றினார் என்பதை அறிந்தோர் சிலரே.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே திங்கள் 12ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரில், ஆங்கிலச் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். நோயாளர்க்குத் தொண்டு செய்தல் உயர்குடி மகளிர்க்கு இழுக்கென்று கருதப்பெற்ற அக்காலத்தில், பெற்றோர் தடுத்தும் தளராது, 1851இல் செருமனி நாட்டில் பயிற்சி பெற்றார். 1854இல் கிரிமியப் போரின்போது செவிலியர் பலருடன் சுகுட்டாரி மருத்துவமனையை அடைந்த வரலாறு யாவரும் அறிந்ததாகலின் ஈண்டு விரித்திலோம். ஆங்குப் புண்ணால் மாண்டோரினும் நோயால் மாண்டோரே பலர்; கழிநீர்க் கால்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டம் அமைத்தபின் சாவு குறைந்தது. அதனை அம்மையார் இறுதிவரை மறந்திலர்.

1859இல் அவர் வெளியிட்ட செவிலியக் குறிப்பு நூலின் முதல் இயலே காற்றோட்டம் பற்றியது. உள்ளிருப்போர்க்குக் குளிர் தாக்காது, அறைக்காற்றை வெளிக்காற்றுப்போலத் தூயதாய் வைத்தல் அவர்தம் முதல் விதி. மாணவர் நெருங்கியிருக்கும் பள்ளிகளே சிறார் நோய்கள் பலவற்றின் பிறப்பிடம் என்று கண்ட அவர், ஆங்கசு சிமித்து என்பார் வகுத்த காற்றுச் சோதனை எளிதாயின் அப்பள்ளிகளின் கதை வெளிப்படுமே என்று ஏங்கினார். இன்றோ, கரியமிலவாயுவை அளக்கும் கைக்கடக்கமான கருவிகள் கடைகளிற் கிடைக்கின்றன. வெளிக்காற்றிற் பத்து லட்சத்தில் 420 பங்கிற்குச் சற்று மிகுந்துள்ள அவ்வாயு, அடைத்த வகுப்பறையில் 1000 பங்கினைக் கடத்தல் அரிதன்று.

ஏட்டளவில் அவர் நின்றாரல்லர். இலங்கை முதலிய குடியேற்ற நாடுகளின் பள்ளிகளுக்கு வினாத்தாள்கள் அனுப்பி, அந்நாட்டுச் சிறார் சாவுக் கணக்கைத் திரட்டி 1863இல் வெளியிட்டார். வந்த கணக்குகள் குறையுடையன என்பதை மறையாது கூறிய நேர்மை எம்மை மிகவும் கவர்ந்தது. இட நெருக்கமும் காற்றின்மையும் நீங்குக, சிறார் திறந்த வெளியில் உடல் உழைத்துக் கற்க என்பது அவர் முடிபு.

காரிமங்கலத்தில் யாம் சிறு பருவத்தே கற்ற அறையில், நெடுஞ்சாலைப் புழுதிக்கு அஞ்சிச் சன்னல்களை அடைப்பர்; ஒருவர்க்கு வந்த இருமல் வாரத்துள் வகுப்பு முழுதும் பரவும். அங்கு அம்மையார் விதி செல்லுமோ என்று ஐயுற்றோம். திறந்த சன்னல் எக்காற்றைக் கொணர்கின்றது என்பதையும் நோக்குமாறு அவரே எச்சரித்திருக்கின்றார். சாலைப்பக்கத்தை அடைத்தவர்கள் வயற்பக்கத்தையேனும் திறந்திருக்கலாம்!

அழுகற்காற்றே நோயை ஆக்குமென நம்பிய அம்மையார், நுண்ணுயிர்க் கொள்கையை நெடுங்காலம் ஏற்றிலர். இஃது அவர் பிழையே. 1882இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். காசமும் தட்டம்மையும் நோயாளர் மூச்சிலிருந்து காற்றில் மிதந்து பரவுவன என்பதும், புதுக்காற்று அப்பரவலைக் குறைக்கும் என்பதும் இன்று தெளிவு. காரணம் பிழைத்தும் மருந்து பிழைத்திலது.

முதுமையிற் கண்ணொளி குன்றிய அம்மையார், 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், இலண்டனில் உயிர் நீத்தார்.