முழு வலியை உணர்ந்த மருத்துவர்

இரண்டாமாண்டு பி.எஸ்சி. (விலங்கியல்)

புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் உரக்கச் சொல்லவே நாம் அஞ்சுகிறோம். நோயாளிக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறோம். மறைக்க மறைக்க அவர் தனிமைப்பட்டுப் போகிறார். உடல் வலிக்கு மருந்து தேடும் நாம், அந்தத் தனிமைக்கு என்ன செய்கிறோம்? இதற்குத் தம் வாழ்நாளெல்லாம் விடை தேடியவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார்.

1918ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் இங்கிலாந்தில் பார்னெட் என்னும் ஊரில் அவர் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. படிப்பை நிறுத்திவிட்டு, 1940இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தார். முதுகு நோய் அப்பணியைத் தொடரவிடவில்லை. நோயாளிகளை விட்டு விலக மனமின்றி, மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார்.

அப்போது அவர் சந்தித்தவர் டேவிட் டாஸ்மா. போலந்திலிருந்து வந்த யூத அகதி; உணவு விடுதிப் பணியாளர்; வயது நாற்பது. புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த அவருக்கு அருகில் உறவினர் எவருமில்லை. வாழ்ந்ததற்கு ஓர் அடையாளமும் இன்றிப் போகிறோமே என்ற ஏக்கம் அவரை வாட்டியது. சாண்டர்ஸ் அருகில் அமர்ந்து பேசினார், கேட்டார். 1948இல் டாஸ்மா மறைந்தபோது 500 பவுன் பணத்தை அவருக்கு விட்டுச் சென்றார். சாவை நெருங்கியோருக்கென ஓர் இல்லம் என்ற கனவுக்கு அதுவே முதல் காணிக்கை.

மருத்துவரானால்தான் தம் சொல் எடுபடும் என்றுணர்ந்து மீண்டும் மாணவியானார். 1957இல், நாற்பது வயதை நெருங்கும் வேளையில், மருத்துவப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் நோயாளி வலியால் துடித்துக் கேட்ட பிறகே மார்ஃபின் கொடுப்பது வழக்கம். அடுத்த வலி எப்போது வருமோ என்ற அச்சமே வலியைப் பெருக்கியது. செயின்ட் லூக் இல்லத்தில் தாம் கண்டிருந்த முறையைப் பின்பற்றி, வலி திரும்புமுன்பே குறித்த நேரத்தில் மருந்து கொடுத்தார் சாண்டர்ஸ். அச்சம் தணிந்தது. நோயாளிகள் தெளிவோடு பேசினர்.

அவர்கள் பேச்சிலிருந்து பிறந்ததே முழு வலி என்ற கருத்து. உடல் நோவு, மனத்துயர், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய கேள்வி ஆகிய நான்கும் பின்னிய ஒன்றே நோயாளியின் வலி என்றார் அவர். இதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் நினைவு வந்தது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அவருடைய மருத்துவச் சீட்டை நான்தான் படித்தேன். ஆனால் பெரியம்மா என்னிடம் கேட்டது நோயின் பெயரை அன்று. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் என்னாகும் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த வலிக்குச் சீட்டில் மருந்து எழுதியிருக்கவில்லை.

1967இல் லண்டன் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. டாஸ்மாவின் நினைவாக அங்கே ஒரு சன்னல் அமைந்தது. சிகிச்சை, ஆராய்ச்சி, பயிற்சி மூன்றும் ஓரிடத்தில் நடந்தன. நோயாளியோடு குடும்பத்தாரும் அரவணைக்கப்பட்டனர். 1969இல் வீடு தேடிச் செல்லும் பணியும் தொடங்கியது. உலகெங்கும் இத்தகைய இல்லங்கள் எழ அது வழிகாட்டியது. 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா இல்லம் தோன்றியது.

2005 ஜூலை 14 அன்று, புற்றுநோயால், தாம் எழுப்பிய அதே இல்லத்தில் அம்மையார் மறைந்தார்.

நண்பர்களே! மருந்து கொடுக்கப் பட்டம் வேண்டும். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து, அவர் சொல்வதை முழுதும் கேட்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. அதை நாம் இன்றே செய்யலாம்.